மழலையர் பகல் தூக்கம்: எப்போது, எவ்வளவு?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில், குழந்தை அங்கன்வாடிக்குப் போகத் தொடங்கியதும் பகலில் தூங்க வைக்கலாமா என்ற கேள்வி எழுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலின்படி, 3, 4 வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. ஆகவே இரவையும் பகலையும் கூட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அங்கன்வாடி டீச்சரிடம் குழந்தை எப்போது தூங்கி எப்போது எழுந்தது என்று நாள்தோறும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் அங்கே நன்றாகத் தூங்கிய பிள்ளையை வீட்டில் மறுபடியும் படுக்க வைத்தால் இரவுத் தூக்கம் தள்ளிப்போகும். விடுமுறை நாளில், மதியச் சோறு உண்டபின் டிவியை அணைத்து, சன்னல் திரையை இழுத்துவிட்டு, காற்று வரும் இடத்தில் பாய் விரித்து ஒரு மணி நேரம் படுக்க வைத்தால் போதும். சித்திரை வெக்கையில் வேர்த்து நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டு மெல்லிய பருத்தித் துணி உடுத்துங்கள். எழுப்பும்போது உலுக்காமல் திரையை விலக்கி வெளிச்சம் வரவிடுங்கள்; சற்று நேரம் சிணுங்குவது இயல்பே.

ஐந்து வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் பகல் தூக்கத்தைத் தாமாகவே விட்டுவிடும். அப்போது வற்புறுத்தாமல், இரவில் முன்னதாகவே படுக்க வைக்க வேண்டும். நாள்தோறும் வாய் திறந்து உரக்கக் குறட்டை விடும் குழந்தையைக் கட்டாயம் மருத்துவரிடம் காட்டுங்கள்.