டேட்டிங் ஆப்பும் பால்வினைத் தொற்றும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேட்டிங் ஆப் யாருக்கும் நோயைக் கொடுப்பதில்லை. முன்பின் தெரியாத இருவர் சீக்கிரம் சந்திக்கவும், அப்புறம் சுவடே தெரியாமல் பிரியவும் அது வழி செய்கிறது. தொற்றுக்குப் பெரிய வசதி இந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

அதனால்தான், பழக்கம் முடிந்த கையோடு எதிராளியை பிளாக் செய்து சாட் உரையாடலையும் அழித்துவிடுவதை முதல் தவறு என்பேன். சில வாரம் கழித்து உங்களுக்கு கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று இருப்பதாக ரிசல்ட் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? அவருக்கு அறிகுறி எதுவும் இல்லாமலே இருக்கலாம். தெரியாமலே இன்னொருவருக்கும் கொடுப்பார். 1999இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் இணைய அரட்டை அறை வழியே சந்தித்த ஆண்களிடையே சிபிலிஸ் பரவியபோது, பலருக்குத் துணையின் புனைபெயரைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. தகவல் சேர்ப்பதே பெரும்பாடானது.

நம்பரைச் சில மாதங்களாவது வைத்திருங்கள். “டெஸ்ட்டில் எனக்கு கிளமிடியா வந்திருக்கிறது, நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று இரண்டு வரி போதும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற விசாரணை வேண்டாம்.

அடுத்தது, ப்ரொஃபைலில் ‘நெகட்டிவ்’ என்று இருப்பதை அப்படியே நம்புவது. எப்போது எடுத்த டெஸ்ட், எந்தெந்த நோய்க்கு என்று தயங்காமல் கேளுங்கள். ரத்தநாளத்திலிருந்து ரத்தம் எடுத்து, கிருமியின் கூறையும் அதற்கு உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளையும் தேடும் ஆன்டிஜென்-ஆன்டிபாடி டெஸ்ட்டிலேயே எச்ஐவி தெரியவருவதற்குத் தொற்றிய நாளிலிருந்து 18 முதல் 45 நாள் வரை ஆகலாம். சந்தித்த மறுநாளே ஓடிப்போய் டெஸ்ட் எடுத்து நிம்மதியடைவதும் இதே தவறுதான்.

வாய்வழி உறவில் ஆபத்தே இல்லை என்று நினைக்காதீர்கள். கொனோரியா தொண்டையில் சத்தமில்லாமல் தங்கும். சிறுநீர் டெஸ்ட்டில் அது சிக்காது. எப்படிப்பட்ட உறவு என்று டாக்டரிடம் மறைக்காமல் சொன்னால்தான் சரியான இடத்தில் மாதிரி எடுப்பார்.

சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது, சில வாரங்களில் தானாக ஆறியும் விடும். ஆறிவிட்டதே என்று விட்டுவிட்டால் கிருமி உள்ளே தொடர்ந்து வேலை செய்யும். ஆணுறை அவசியம்தான், ஆனால் அது மூடாத தோலில் இருக்கும் சிபிலிஸ், ஹெர்பிஸ் புண்களை அதனால் தடுக்க முடியாது.

ஆணுறை கிழிந்து, எச்ஐவி பயம் வந்துவிட்டதா? தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆப்பில் அவர் பதில் போடட்டும் என்று காத்திருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்கள்.