கபடி சொல்லித் தரும்போது நாம் செய்யும் தவறுகள்

என் அக்கா மகனுக்குப் பத்து வயது. வாசிக்கத் திணறுவான், நாலு வேலையை வரிசையாகச் சொன்னால் இரண்டாவதிலேயே நின்றுவிடுவான். கற்றல் குறைபாடு என்று சோதித்துச் சொன்னார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே இதைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ‘கவனமில்லாத பிள்ளை’ என்று நாமாகப் பெயர் வைக்க வேண்டாம். மேலூர் பக்கம் எங்கள் ஊரில் பொங்கலுக்குக் கபடி உண்டு. அவனுக்கும் ஆட ஆசை. கீழே உள்ள தவறுகளில் பாதி நானே செய்தவை.

விதிகளை ஒரே மூச்சில் கொட்டுவதுதான் முதல் தவறு. 7 பேர், 30 விநாடி, போனஸ் கோடு, லாபி என்று அடுக்கி முடித்தபோது, “மாமா, மொதல்ல எங்க நிக்கணும்?” என்றான். அப்புறம் ஒன்றே ஒன்றில் தொடங்கினோம்: பாடிப் போ, ஒருத்தரைத் தொடு, நடுக்கோட்டைத் தாண்டித் திரும்பி வா. ஒரு வாரம் இதுதான். போனஸ் கோட்டைத் தரையில் போடவே இல்லை.

“லெஃப்ட்ல போ” என்று கத்துவதும் வேண்டாம். இடது வலது பல பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடாது. “வேப்பமரப் பக்கம்”, “கோயில் பக்கம்” என்றால் போதும். ஆனால் இடைவேளைக்குப் பிறகு இரு அணிகளும் பக்கம் மாறும். அப்போது ஒருமுறை கூடவே நடந்து போய், “இனி இதுதான் நம்ம பக்கம்” என்று காட்டிவிடுங்கள்.

“புரிஞ்சதா?” என்று கேட்காதீர்கள். திட்டுக்குப் பயந்து தலையாட்டிவிடுவார்கள். தரையில் கோடு கிழித்து, புளியங்கொட்டைகளை ஆட்களாக வைத்து, “நீ பண்ணிக் காட்டு” என்று சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறான் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்ப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காத தவறு. அந்தப் பெயரே கொடுமை. தொட்டாலும் அவுட் இல்லை என்று விட்டுவைத்தால், தான் ஆட்டத்தில் இல்லை என்பது பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும்.

இவனை அதிகம் குழப்பியது, அவுட் ஆனபின் எப்போது உள்ளே வருவது என்பதுதான். எதிரணியில் ஒருவர் அவுட்டானால் நம்மில் ஒருவர் வரலாம். முதலில் வெளியே போனவர் முதலில். போனஸ் கோட்டைத் தாண்டியதற்குக் கிடைக்கும் போனஸ் புள்ளிக்கு யாரும் வர முடியாது. ஆனால் கைதட்டல் இரண்டுக்கும் ஒன்றுதானே! சத்தம் கேட்டதும் இவன் உள்ளே ஓடுவான், திட்டு வாங்கித் திரும்புவான். இரண்டு முறை அப்படி ஆனதும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். “எத்தனை தடவ சொன்னேன், ஞாபகம் இல்லையா?” என்று நானும் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வரிசையை மனதில் பிடித்து வைப்பதுதானே அவனுக்குக் கஷ்டம்.

மறுநாள் ஆளுக்கொரு கூழாங்கல்லில் வெவ்வேறு வண்ணம் அடித்தோம். அவனுடையது நீலம். அவுட் ஆகிறவர் கோட்டோரம் தன் கல்லை வரிசையில் வைக்க வேண்டும். உள்ளே வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். தன் கல்லுக்கு முன்னால் வேறு கல் இல்லையென்றால் அடுத்து வருவது அவன்தான். வரலாம் என்று சைகை காட்ட ஒரே ஒரு ஆள். மற்றவர்கள் வெளியிலிருந்து கத்தக் கூடாது.

இப்போது யார் முதலில் வருவது என்று பெரிய பையன்களுக்குள் சண்டை வந்தாலும், “கல்லப் பாருங்கண்ணே” என்று அவன்தான் சொல்கிறான்.