வயலில் போட்ட யூரியா வடிகாலில் போகாமல் இருக்க

காவிரி டெல்டாவில் சம்பா நெல் நட்டவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. வளர்கிற பயிருக்கு மேலுரம் போட வேண்டிய நாளும் மழை கொட்டுகிற நாளும் ஒன்றாகவே வரும். காலையில் யூரியா விசிறிவிட்டு வீட்டுக்கு வருவோம், ராத்திரி மழை பிடிக்கும், பயிர் மூழ்கிவிடுமே என்று விடியற்காலையில் மடையை வெட்டிவிடுவோம். போட்ட உரத்தில் நல்ல பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

எங்கே போகும்? டெல்டாவின் கீழ்ப்பகுதியில் ஒரு ஊரின் வடிகால்தான் பல இடங்களில் அடுத்த ஊரின் பாசன வாய்க்கால். அதையும் தாண்டினால் கோரையாறு, பாமணியாறு போன்றவை முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு வழியாகப் பாக் விரிகுடாவில் சேருகின்றன. அது ஆழம் குறைந்த கடல். இந்தக் கரையில் நம் மீனவர்கள், அந்தக் கரையில் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள், இரண்டு பேருக்கும் பிழைப்பு அதில்தான். அடியில் கடற்புல், அதை மேய ஆவுளியா. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் தமிழக அரசு கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்ததே, அந்த ஆவுளியாதான். கடற்புல்லுக்கு வெயில் வேண்டும். யூரியாவில் இருக்கிற தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமாக வந்து சேர்ந்தால் பாசி பெருகி வெயிலை மறைக்கும், அந்தப் பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் சாகும். குளத்திலும் வாய்க்காலிலும் இதே வேலையைப் பெரும்பாலும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) செய்கிறது. ஆகாயத்தாமரை மண்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊர்க் கழிவுநீருக்கும் இறால் பண்ணைக்கும் இதில் பங்கு உண்டு, காவிரியின் மேல்பக்கம் கர்நாடகத்து மண்டியாவில் கரும்புக்கும் நெல்லுக்கும் போடுகிற உரத்துக்கும் உண்டு. ஆனால் நம் மடை நம் கையில் இருக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம். உரமே போடாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இலங்கையில் 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்திப் பார்த்தார்கள். விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், நெல் விளைச்சல் விழுந்தது, அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. பயிர் எடுக்கிற அளவுக்குப் போடுவது, போட்டதை வயலிலேயே நிறுத்துவது, இவ்வளவுதான் விஷயம்.

முதலில் மடை. தண்ணீரை வடிக்க வேண்டியிருந்தால் உரம் போடுவதற்கு முன்னால் வடியுங்கள், போட்ட பிறகு வடிக்காதீர்கள். மேலுரத்துக்கு முதல் நாளே தண்ணீரைக் குறைத்து, மண்மேல் மெல்லிசாக ஈரம் பளபளக்கிற நிலைக்குக் கொண்டுவந்து, வாய்மடை, கழிவுமடை இரண்டையும் சேறு வைத்து நன்றாக அடைத்துவிட்டு அப்புறம் விசிறுங்கள். வரப்பில் நண்டு வளை இருக்கிறதா என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள், ஏனென்றால் மடையை அடைத்துவிட்டு வளையை விட்டால் விடிவதற்குள் வயல் தண்ணீர் பக்கத்து வடிகாலில் இருக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்து மெல்லத் தண்ணீர் கட்டுங்கள், யூரியா மண்ணுக்குள் இறங்கும். நின்ற தண்ணீரில் விசிறினால் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் போய்விடும், மீதி மழை வந்தால் வெளியே ஓடத் தயாராக நிற்கும். உரம் போட்ட முதல் வாரத்தில் வடிகிற தண்ணீரில்தான் சத்து அதிகம், அந்த ஒரு வாரம் மடையைத் திறக்காமல் ஓட்டிவிட்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

அதற்குத்தான் வானிலை பார்க்க வேண்டும். மேகதூத் செயலியில் மாவட்ட வாரியாக அடுத்த ஐந்து நாள் மழை தமிழிலேயே வருகிறது, செவ்வாயும் வெள்ளியும் பயிர் ஆலோசனையும் போடுகிறார்கள். கனமழை என்றிருந்தால் மூட்டையைப் பிரிக்காதீர்கள். நாலைந்து நாள் தள்ளிப் போட்டால் பயிருக்கு ஒன்றும் ஆகிவிடாது. மழை விடாமல் பெய்து பயிர் வெளுத்துக்கொண்டே போகிறது, மேலுரத்துக்கு வழியே இல்லை என்றால், கதிர் உருவாகும் பருவத்தில் யூரியா 1, டிஏபி (தழையும் மணியும் சேர்ந்த உரம்) 2, பொட்டாஷ் 1 சதவீதம் என்ற கணக்கில் இலைமேல் தெளித்து, பத்து நாள் கழித்து இன்னொரு முறை தெளிக்கலாம். அதற்கும் மழை விட்ட இடைவெளி வேண்டும்.

அடுத்தது சேற்றுழவுத் தண்ணீர். இதை யாரும் கணக்கில் வைப்பதில்லை, எனக்கு ஆதங்கம் இதில்தான். மணிச்சத்து யூரியாவைப் போலக் கரைந்து ஓடாது, களிமண் துகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தத் துகளோடுதான் அது வெளியேறும். உழுது, டிஏபி போட்டு, பரம்படித்த கையோடு கலங்கல் தண்ணீரைத் திறந்துவிட்டால் மேல்மண்ணும் மணிச்சத்தும் சேர்ந்து போகும். சேறு படிந்து தண்ணீர் தெளியும்வரை பொறுங்கள், முடிந்தால் வடிக்காமலே நடுங்கள். வயலுக்குள் விடும்போதே தண்ணீரை அளவாக விட்டால் வடிக்கிற வேலையும் மிச்சம்.

இனி அளவு. மண் பரிசோதனை இல்லாதபோது நடுத்தர, நீண்ட கால ரகங்களுக்கு தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற பொதுப் பரிந்துரை எக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் (பொட்டாஷ்) சத்து 150:50:50 கிலோ. ஏக்கருக்கு மாற்றினால் 60:20:20. ஒரு 50 கிலோ டிஏபி மூட்டையில் மணிச்சத்து 23 கிலோ, தழைச்சத்து 9 கிலோ. அதாவது ஏக்கருக்கு ஒரு டிஏபி மூட்டைக்கு மேல் தேவையே இல்லை. மீதித் தழைச்சத்துக்கு 45 கிலோ யூரியா மூட்டை இரண்டரை போதும். ‘நல்லா வரட்டும்’ என்று இன்னொரு மூட்டை டிஏபி சேர்க்கிறவர்கள் நிறையப் பேர். ஏற்கெனவே மணிச்சத்து ஏறிக் கிடக்கிற மண்ணில் அது கதிருக்கு எதையும் சேர்க்காது. பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கிற சமயத்தில் மடக்கி உழுதிருந்தால் யூரியாவை இன்னும் குறைக்கலாம்.

யூரியாவை எப்போது போடுவது என்பதற்கு நாள் கணக்கைவிட இலை வண்ண அட்டை நல்லது, வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் அதில் இருக்கும். நட்ட 14ஆம் நாளிலிருந்து பூக்கத் தொடங்கும்வரை வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை, காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் வயலில் இறங்குங்கள். வெயிலுக்கு முதுகைக் காட்டி, உங்கள் நிழல் இலைமேல் விழும்படி நின்று, மேலே முழுசாக விரிந்திருக்கிற இளம் இலையைக் கிள்ளாமல், அதன் நடுப்பாகத்தை அட்டைமேல் வைத்து எந்தப் பச்சையோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். இப்படிப் பத்துக் குத்துகளில் (நாற்று நட்ட தூர்களில்) பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு எண் 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலை அந்த எண்ணுக்குக் கீழே வெளுத்திருந்தால் சம்பாவுக்கு ஏக்கருக்கு 26 கிலோ யூரியா போடுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். கரும்பச்சையாக நிற்கிற பயிருக்கு மேலும் யூரியா போட்டால் புகையான், இலைச்சுருட்டு பூச்சிகள்தான் வரும், காற்றடித்தால் சாயும். ஆளுக்கு ஆள் பச்சை வேறுபடும் என்பதால் கடைசிவரை ஒரே ஆள் பார்ப்பது நல்லது.

எருக்குழி வாய்க்கால் கரையில் இருந்தால் இடம் மாற்றுங்கள். ஒரு மழைக்கே சாறு வாய்க்காலில் இறங்கிவிடும். வடிகால் ஓரத்துப் புல்லைக் களைக்கொல்லி அடித்துக் கருக்காதீர்கள், அது மண்ணையும் சத்தையும் கொஞ்சம் பிடித்துவைக்கும். மண்டிக் கிடக்கிற ஆகாயத்தாமரையை வாரினால் கரையிலேயே குவித்து அழுகவிடாமல் மக்கவைத்து வயலுக்கே கொண்டுபோங்கள், அதில் இருப்பது நாம் காசு கொடுத்து வாங்கின சத்துதான்.

மேட்டு வயலும் பள்ள வயலும் ஒரே கழிவுமடையில் வடிகிற இடங்களில் தனியாளாக எதுவும் செய்ய முடியாது. நீங்கள் அடைத்தால் மேல்வயல்காரர் தண்ணீர் உங்கள் பயிரை மூழ்கடிக்கும், சண்டைதான் வரும். ஒரு கிளை வாய்க்காலில் இருக்கிற பத்துப் பதினைந்து பேரும் பேசி, மழை இல்லாத அதே இரண்டு மூன்று நாளில் மேலுரத்தை முடித்துக்கொண்டு, எப்போது யார் திறப்பது என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டால் நடக்கும். முறைப்பாசனத்துக்குப் பேசிப் பழகின ஊர்களில் இது புதுசு இல்லை.

மண் மாதிரி எடுக்கக் கோடைதான் வசதி, உளுந்து அறுத்து வயல் காலியாக இருக்கும்போது. வரப்போரம், எருக் கொட்டின இடம் தவிர்த்து, வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடத்தில் V வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்துக்கொண்டே வந்து அரை கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு, பெயர், சர்வே எண், அடுத்து வைக்கப்போகிற பயிர் எழுதி வேளாண் விரிவாக்க மையத்தில் கொடுங்கள். மேட்டூர் திறக்கிற ஜூனுக்கு முன்னால் முடிவு கைக்கு வந்தால்தான் உரம் வாங்கும்போது உதவும், அதனால் சித்திரையிலேயே கொடுத்துவிடுவது நல்லது.