கடலோரத்தில் துப்பாக்கி: துருவுக்கு வழிவிடும் தவறுகள்
தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் துரு என்றாலே பயம். அந்தப் பயத்தில் எண்ணெயைத் தாராளமாகப் பூசுகிறார்கள். பெரிய தவறு அங்கேதான் தொடங்குகிறது: உப்பைத் துடைக்காமல் அதன் மேலேயே பூசுவது.

உப்பு எண்ணெயில் கரையாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால் சாதாரண உப்பே நீரை இழுத்துக் கசியும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதி ஈரம்கூட வேண்டியதில்லை. மேலே பளபளப்பு, எண்ணெய்க்கு அடியில் இரும்பு அரிபட்டுக்கொண்டிருக்கும். விரல் பட்ட இடத்தில் கைரேகை வடிவிலேயே துரு பூப்பதும் வியர்வையின் உப்பால்தான்.

எனவே தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, முதலில் தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும். ஈரத்துணியைப் பிழிந்து துடைத்து, மூலைமுடுக்கெல்லாம் உலர்ந்த பிறகே எண்ணெய். ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம். கடலோரத்தில் பல இடங்களில் அதுவே உப்பு. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் போதும்.

தேங்காய் எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதற்காகப் பூசாதீர்கள். நாளானால் சிக்குப் பிடித்து அமிலமாகும். டபிள்யூடி-40 என்ற ஸ்ப்ரேயைத் தெளித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அது ஈரத்தை விரட்டுவதில் கெட்டிக்காரன்தான், ஆனால் படலம் மெல்லியது. மாதக்கணக்கில் காவல் காக்கும் என்று நம்ப முடியாது. துருத் தடுப்புக்கென்றே விற்கும் எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசினால் போதும். வழிய வழிய விட்டால் அது துப்பாக்கியின் மரக்கட்டைக்குள் இறங்கி மரத்தை மென்மையாக்கும். சுடுவதற்கு முன் குழலுக்குள் இருக்கும் எண்ணெயைத் துடைத்தெடுக்கவும் மறக்கக் கூடாது.

தோல் உறை பார்க்க அழகு, பத்திரப்படுத்த ஆகாது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிட்ட ரசாயனமும் உலோகத்துக்கு ஆகாது. தேர்தல் சமயத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும்போது பலரும் உறையோடே கொடுத்துவிட்டு வருகிறார்கள். வாரக்கணக்கில் யாரும் திறந்து பார்க்காத அந்தக் காலத்துக்குத்தான் கனமான எண்ணெய்ப் பூச்சு தேவை. கொடுக்கும் முன் ஒரு முறை, திரும்ப வந்த அன்றே ஒரு முறை துடைத்துவிடுங்கள்.

குழல் வாயில் துணியை அடைப்பது இன்னும் மோசம். ஈரம் உள்ளே சிறைப்படும். எடுக்க மறந்து சுட்டால் குழலே வெடிக்கலாம்.

ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் குளிர்ந்த உலோகத்தில் பனி கோத்துக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். அதை அப்படியே பெட்டிக்குள் வைத்துப் பூட்டக் கூடாது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டால் மட்டும் ஆயிற்றா? நிறம் மாறினால் அதன் வேலை முடிந்தது. புதிதாக மாற்றுங்கள், அல்லது பொட்டலத்தில் சொல்லியபடி சூடாக்கி உலர்த்துங்கள்.

துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பி மெத்தனமாக இருக்க வேண்டாம். குளோரைடு அதிலும் ஊசிமுனைக் குழிகளைப் போடும். துப்பாக்கி எஃகின் மேல் கொடுக்கும் கருநீலப் பூச்சும் ஒருவகை இரும்பு ஆக்சைடுதான். எண்ணெய் இல்லாமல் தனியாக நின்று காக்காது.

மேலோட்டமான செந்துரு தென்பட்டால் உப்புத்தாளைத் தொடாதீர்கள், பூச்சும் சேர்ந்து போய்விடும். எண்ணெயில் ஊறவிட்டு மிக மெல்லிய எஃகுப் பஞ்சால் அழுத்தாமல் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். குழலுக்குள் குழி விழுந்திருந்தால் சுடாமல், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.