மலையேறிகளுக்குப் பேனா வடிவமைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

விசில், திசைகாட்டி, கத்தி எல்லாவற்றையும் ஒரே பேனாவுக்குள் திணித்துவிட்டு, எழுதும் முனையைக் கடைசியில் யோசிப்பதுதான் முதல் தவறு. அடிபட்டவரின் நாடித்துடிப்பை நேரத்தோடு குறித்து மீட்புக்குழுவிடம் கொடுக்க வேண்டிய நேரத்தில் மை வரவில்லை என்றால், மற்ற வசதிகள் இருந்து என்ன பயன்?

சாதாரண ரீஃபிலில் மை புவியீர்ப்பால்தான் முனைக்கு இறங்குகிறது. கூடாரத்தில் மல்லாந்து படுத்து எழுதினால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். கடுங்குளிரில் மை இறுகியும் போகும். பால் ஃபிஷர் 1960-களில் உருவாக்கிய ரீஃபிலில், அடைத்துவைத்த நைட்ரஜன் வாயு மையை முனைக்குத் தள்ளுகிறது. 1968-ல் அப்பல்லோ 7 விண்கலத்தில் போனதும் அந்தப் பேனாதான். அந்த ரீஃபில் பொருந்தும்படி பேனாவை அமையுங்கள். விலை கட்டுப்படியாகாதா, பென்சில் முனை வையுங்கள். கிராஃபைட்டுக்குக் குளிரும் தெரியாது, தலைகீழும் தெரியாது.

மேசையில் உட்கார்ந்து வெறுங்கையால் சோதித்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். தடித்த கையுறை போட்டு, கையை ஐஸ் தண்ணீரில் நனைத்து எழுதிப் பாருங்கள். வழவழப்பான ஒல்லிப் பேனா நழுவும். தனியாகக் கழலும் மூடி தொலையும். நழுவிய பேனா கீழே ஏறி வருபவரின் தலையில் விழலாம். கயிறு கோக்க ஒரு துளை அவசியம்.

விசில் வைப்பதானால் உலோகத்தில் வேண்டாம், உறைகுளிரில் உதட்டோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே உருளும் குண்டும் வேண்டாம், எச்சில் உறைந்து சிக்கிக்கொள்ளும். திசைகாட்டி வைத்தால் காந்த மூடியை மறந்துவிடுங்கள்.

உயிரோடு விளையாடும் தவறுகள் இரண்டு. ஒன்று, கேரபினர் (மலையேறிகள் கயிற்றை மாட்டும், திறந்து மூடும் உலோக வளையம்) போலவே தோன்றும் கொக்கி. ஏறுவதற்கான பெரும்பாலான கேரபினர்கள் நீளவாக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய இரண்டு டன் எடையின் இழுவிசை, தாங்க வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரம். பேனாக் கொக்கிக்கு அந்த வலு கிடையாது, ஆனால் அவசரத்தில் யாராவது அதை நம்பிவிடுவார்கள். வடிவத்தையே மாற்றுங்கள், ‘ஏறப் பயன்படுத்தாதீர்’ என்று பொடி எழுத்தில் பொறிப்பது மட்டும் போதாது.

மற்றொன்று, மலையேறும் கயிற்றின் நடுப்பகுதியைக் குறிக்க மார்க்கர் முனை. பார்க்க அருமையான யோசனைதான். ஆனால் திரவத்தால் குறியிட்ட இடத்தில் கயிற்றின் வலிமை பாதிவரை குறையலாம் என்று சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பான யுஐஏஏ 2002-ல் எச்சரித்தது. அந்தச் சேதம் கண்ணுக்குத் தெரியாது. கயிறு தயாரிப்பவர் தன் கயிற்றுக்கென ஒப்புக்கொண்ட மை கிடைக்காதவரை அந்த முனையை விட்டுவிடுங்கள்.