லயத்தில் ராத்திரி நெஞ்சுவலி வந்தால்: முதல்முறை சமாளிப்பவர்களுக்கு

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் வரிசை வீடுகளில், ஒருவருக்கு ராத்திரி நெஞ்சு வலித்தால் முதலில் வருவது ஆட்டோ இல்லை, சோடா. அது கேட்காவிட்டால் இஞ்சி போட்ட பிளேன்டீ, அப்புறம் முதுகில் சித்தாலேபத் தைலம், அதற்குள் பக்கத்துக் காம்பரா (லயத்து வீடு) அத்தை வந்து "இது வாயுதான், விடியட்டும், டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்று தீர்ப்பே சொல்லியிருப்பார். பாதை மோசம், வாகனம் இல்லை, ஆஸ்பத்திரி தூரம் என்று நாம் சொல்வதெல்லாம் உண்மைதான், ஆனால் நான் பார்த்தவரை அதைவிடக் கூடுதலாக நேரம் போவது காம்பராவுக்குள் உட்கார்ந்து முடிவெடுப்பதில். அதனால் இந்த விளக்கத்தில் பெரும்பகுதி, யாருக்கும் ஒன்றும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து வைக்க வேண்டியது.

கொழும்பு வேலையை விட்டுவிட்டு அப்பா அம்மாவைப் பார்க்கத் திரும்பி வந்தவர்கள், மாற்றலாகி வந்த டீச்சர்மார், கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்தவர்கள், இவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். பழையவர்களுக்கு இதில் பாதி தெரியும்.

1. விலாசத்தை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்

அம்புலன்சுக்கு 1990. சுவசெரிய என்று சொல்வது இதைத்தான். 2016ல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு தீவு முழுவதற்கும் வந்தது. காசு கிடையாது. போனை எடுப்பவரிடம் தமிழில் பேச வேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

சிக்கல் அதற்கு அடுத்த கேள்வியில்தான்: எங்கே இருக்கிறீர்கள்? லயத்துக்கு ரோட்டுப் பெயரும் இல்லை, வீட்டு இலக்கம் போட்ட பலகையும் இல்லை, கடிதமே தோட்ட ஆபீசுக்கு வந்துதான் நம் கைக்கு வருகிறது. போதாக்குறைக்கு நாம் வாயில் சொல்லும் தோட்டத்தின் பெயர் ஒன்று, பலகையில் இருக்கும் பெயர் இன்னொன்று. தோட்டத்தின் பிரிவுகளான மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் குழப்பம் வேறு, இரண்டுக்கும் போகிற பாதை முற்றிலும் வேறாக இருக்கும். பதறிப்போய் நிற்கும்போது இதையெல்லாம் யாராலும் ஒழுங்காகச் சொல்ல முடியாது.

ஒரு கொப்பித் தாளில் பெரிய எழுத்தில் இப்படி எழுதுங்கள்: பலகையில் உள்ள பெயர், டிவிஷன், பக்கத்து டவுன், அந்த டவுனில் இருந்து எந்த ரோடு, எந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்புவது, கடைசியாக ஒரு அடையாளம். "ஹட்டனில் இருந்து பொகவந்தலாவை ரோடு, நோர்வூட் தாண்டி இடது பக்கம் தோட்டத்துப் பலகை, உள்ளே வந்தால் மாரியம்மன் கோவில், கோவில் முன்னால் டோர்ச்சோடு ஆள் நிற்கும்" என்கிற மாதிரி. பத்து வயதுப் பிள்ளை அதைப் பார்த்து வாசித்தாலும் வண்டி வந்து சேர வேண்டும், அதுதான் அளவு. வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

அந்த அடையாள இடம் வேன் திரும்பக்கூடிய இடமா என்று ஆட்டோ ஓடுகிற ஒருவரிடம் கேளுங்கள். லயத்து வாசல் வரை அம்புலன்ஸ் வரும் என்று நம்பாதீர்கள். நிறைய இடங்களில் சந்தி வரைதான், அதுவரை நாம்தான் ஆளைக் கொண்டுவர வேண்டும்.

2. சிக்னல், ஆட்டோ, ஆள்

வீட்டில் எந்த மூலையில் போன் எடுக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சிலருக்கு இஸ்தோப்பில் (முன் திண்ணை), சிலருக்குத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை வரை போனால்தான். மழை நாளில் கரண்ட் போவதற்கு முன்னாலேயே சார்ஜ் போட்டு வையுங்கள்.

ஆட்டோ நம்பர் ஒன்று போதாது, மூன்று வேண்டும். ஒருவர் போனை எடுக்கமாட்டார், இன்னொருவர் கல்யாண வீட்டில் இருப்பார். தோட்டத்தில் அவசரத்துக்கு லொறியோ வண்டியோ கொடுப்பார்களா, ராத்திரியில் யாரைக் கேட்க வேண்டும் என்பதைத் தோட்டத் தலைவரிடமோ ஆபீஸ் கிளாக்கரிடமோ பகலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், முடிவெடுக்கும் ஆள் ஒருவர். இது பலருக்கும் சங்கடமான விஷயம், பெரியப்பா இருக்கும்போது நான் எப்படி என்பார்கள். பெரியப்பாவிடமே முன்கூட்டிப் பேசிவிடுங்கள்: "நெஞ்சு வலின்னா யாரையும் கேக்காம நான் 1990க்கு அடிச்சிருவேன், அப்புறம் திட்டாதீங்க." ஒத்துக்கொள்வார், அவருக்கும் பிரஷர் இருக்கிறதுதானே.

3. ஒரு பை

அடையாள அட்டையின் கொப்பி, கிளினிக் கொப்பி, இப்போது குடிக்கிற மருந்துகள் (பெயர் தெரியாவிட்டால் அட்டையோடு), எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதிய துண்டு, கொஞ்சம் காசு, சார்ஜர், ஸ்வெட்டர், பெட்ஷீட், கோப்பை. துணைக்குப் போகிறவருக்கும் ஒரு ஸ்வெட்டர். நுவரெலியாப் பக்கம் ராத்திரிக் குளிரில் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

சிங்களம் வராதவர்கள் நாலு வரியைத் தமிழ் எழுத்தில் எழுதி அதே பையில் போடுங்கள். பப்புவ ரிதெனவா என்றால் நெஞ்சு வலிக்கிறது. ஹுஸ்ம கன்ன அமாருயி என்றால் மூச்சு விடக் கஷ்டம். தியவெடியாவ தியெனவா என்றால் சீனி வருத்தம் (நீரிழிவு) இருக்கிறது. நல்ல டொக்டர்மார், தாதிமார் பாதித் தமிழிலாவது கேட்டுப் புரிந்துகொள்வார்கள், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு யார் டியூட்டியில் இருப்பார் என்பது நம் கையில் இல்லை.

4. வாயுவா, வேறா?

இதை வீட்டில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. டொக்டரே ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துத்தான் சொல்கிறார், முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் ரத்தம் எடுத்துப் பார்க்காமல் சில நேரம் அனுப்பமாட்டார்.

நெஞ்சின் நடுவில் அமுக்குவது போல, இறுக்குவது போல வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குளிரிலும் சட்டை நனைய வியர்ப்பது, மூச்சு வாங்குவது, குமட்டல். இவற்றில் எது வந்தாலும் கிளம்ப வேண்டும். பெண்களுக்கும், வயதானவர்களுக்கும், சீனி வருத்தக்காரர்களுக்கும் வலியே பெரிதாக இல்லாமல் மேல்வயிற்றுச் சங்கடம், களைப்பு, மூச்சுத் திணறல் என்று மட்டும் வரலாம். கொழுந்துக்குப் போய்விட்டு வந்த அம்மா "ஏனோ தெரியல, படி ஏற முடியல, ஒரு மாதிரி இருக்கு" என்றால் காலையில் இருந்து மலையில் நின்ற களைப்பு என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். அந்த "ஒரு மாதிரி" வழக்கத்தில் இல்லாததாக இருந்தால் கிளம்புங்கள். போய் வாயு என்று சொல்லி அனுப்பினால் ஆட்டோ காசுதான் நஷ்டம்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை விழுவது, பேச்சுக் குழறுவது பாரிசவாதத்தின் (பக்கவாதம், ஸ்ட்ரோக்) அடையாளம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏறக்குறைய நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும், அதற்கு முன்னால் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு வாயில் எதையும் ஊட்டாதீர்கள், தண்ணீர்கூட.

சீனி மருந்தோ ஊசியோ போடுகிறவர் திடீரென்று வியர்த்து, நடுங்கி, புத்தி தடுமாறினால் சீனி இறங்கியிருக்கலாம். விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று நாலு தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுங்கள். குளவி கொட்டியவருக்கு உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ தலை சுற்றினாலோ சுண்ணாம்பு தேடிக்கொண்டிருக்க நேரமில்லை, நிறையக் கொட்டியிருந்தால் அப்போது நன்றாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான்.

5. அடியுங்கள், சொல்வதைச் செய்யுங்கள்

1990க்கு அடித்ததும் சுவரில் இருக்கிற தாளை வாசியுங்கள். வயது, என்ன செய்கிறது, எப்போது தொடங்கியது, என்ன வருத்தங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். வண்டி வர எவ்வளவு நேரமாகும், ஆட்டோவில் எதிரே வரவா என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.

நெஞ்சு வலிக்காரரைச் சாய்ந்து உட்கார வையுங்கள். ஆஸ்பிரின் வீட்டில் இருந்தால் கொடுக்கலாமா என்று போனில் கேளுங்கள். 300 மில்லிகிராமை மென்று விழுங்கச் சொல்வது வழக்கம், ஆனால் ஒத்துக்கொள்ளாதவருக்கும் வயிற்றில் ரத்தக்கசிவு வந்தவருக்கும் கூடாது, பாரிசவாதம் என்று சந்தேகம் இருந்தால் கொடுக்கவே கூடாது. ஆள் பேச்சுமூச்சில்லாமல் விழுந்து மூச்சு சரியாக வரவில்லை என்றால் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குல ஆழத்துக்கு அமுக்கிக்கொண்டே இருங்கள். கை வலித்தால் ஆள் மாறுங்கள், நிறுத்தாதீர்கள்.

6. படிக்கட்டு

நடக்க விடாதீர்கள். "நான் நடந்திருவேன்" என்றுதான் எல்லா அப்பாமாரும் சொல்வார்கள். மேட்டு லயத்தில் இருந்து ரோட்டுக்கு இறங்கும் அந்தக் கல்படியில் இறங்கி, நடுவில் நாலு படி ஏறவும் வேண்டியிருந்தால் நோகிற இதயத்துக்கு அது மலை ஏறுவதுதான்.

மரக்கதிரை ஒன்று எடுங்கள். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், கால் வளைந்து பாசிபிடித்த படியில் வழுக்கிவிடும். ஆளை உட்கார வைத்து, இடுப்போடு ஒரு சேலையைச் சுற்றிக் கதிரைக்குப் பின்னால் முடிச்சுப் போடுங்கள், நெஞ்சில் இறுக்க வேண்டாம். முகம் இறக்கத்தைப் பார்த்து இருக்கட்டும். ஒருவர் பின்னாலிருந்து கதிரை முதுகைப் பிடித்துக் கொஞ்சம் பின்பக்கம் சாய்க்க வேண்டும், இன்னொருவர் முன்னால் நின்று இரண்டு முன்கால்களையும் பிடிக்க வேண்டும், மூன்றாவது ஆள் டோர்ச்சோடு நாலு படி முன்னால் போய் எந்தக் கல் ஆடுகிறது என்று சொல்ல வேண்டும். கட்டளை போடுவது பின்னால் இருப்பவர் மட்டும், எல்லோரும் கத்தினால் விழுந்துதான் போவார்கள். அந்தக் காலத்தில் கம்பளியில் தூளி கட்டித் தூக்கினார்கள், கதிரை கிடைக்காவிட்டால் அதுவும் சரிதான், ஆனால் மூச்சுத் திணறுகிறவரைப் படுக்க வைத்துத் தூக்கினால் இன்னும் திணறும்.

மழைக்காலத்தில் பாதை மண்சரிவில் அடைபட்டிருந்தால், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது பார்த்தோமே, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் சொல்லுங்கள்.

7. எந்த ஆஸ்பத்திரி?

1990 வந்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சொந்த ஏற்பாட்டில் போனால் "பெரிய ஆஸ்பத்திரி, கண்டிக்கே போயிருவோம்" என்கிற ஆசையை நெஞ்சுவலி விஷயத்தில் விட்டுவிடுங்கள். ராத்திரியிலும் டொக்டர் இருக்கிற, பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிதான் முதல் இடம். டிக்கோயாவோ நாவலப்பிட்டியோ நுவரெலியாவோ, ஈ.சி.ஜி. எடுத்து, முதல் மருந்தைக் கொடுத்து, தேவையென்றால் அவர்களே அம்புலன்சில் கண்டிக்கோ பதுளைக்கோ அனுப்புவார்கள். ஆட்டோவில் கினிகத்தேனை வளைவுகளில் ஒருவருக்கு மூச்சு நின்றால் ஆட்டோக்காரத் தம்பி என்ன செய்வார்? சின்ன ஆஸ்பத்திரிகளில் எதில் ராத்திரி டொக்டர் இருப்பார் என்பதையும் முன்கூட்டியே விசாரித்து அதே தாளில் எழுதுங்கள்.

உள்ளே போனதும் துண்டு எடுக்கும் வரிசையில் நிற்காதீர்கள், அவசர சிகிச்சைப் பிரிவு எங்கே என்று கேட்டு நேரே போங்கள். பெயர், ஊர் எல்லாம் அப்புறம். முதல் வார்த்தை நெஞ்சு வலி, இரண்டாவது எத்தனை மணிக்குத் தொடங்கியது. தாதி கோபமாகப் பேசினாலும் திரும்பப் பேசாமல் இதையே திரும்பச் சொல்லுங்கள்.

8. வீட்டுக்கு வந்த பிறகு

இரண்டு மூன்று நாளில் பயம் வரும். எனக்கு வந்தது, நோய் எனக்கில்லை, வீட்டில் உள்ளவருக்கு. ராத்திரி அவர் இருமினால்கூட எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பீர்கள். கொஞ்ச நாளில் குறையும். நாளெல்லாம் அதே நினைப்பாக இருந்து தூக்கமும் சாப்பாடும் போனால் 1926க்கு அடித்துப் பேசலாம், தேசிய மனநல நிறுவனத்தின் நம்பர் அது.

பார்க்க வருகிறவர்கள் ஹோர்லிக்சும் ஆளுக்கொரு மருந்தும் கொண்டுவருவார்கள். ஹோர்லிக்சை வாங்கி வையுங்கள். ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டு வேறொன்றைத் தொடங்கச் சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள், குறிப்பாக ஆஸ்பிரின், குளோப்பிடோக்ரல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பதை டொக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. கிளினிக் நாள், பேர் போடுகிற நாளில் (தோட்டத்தில் வேலைக்குப் போய்ச் சம்பளம் பதிகிற நாள்) வந்தாலும் போகத்தான் வேண்டும். மருந்துத் துண்டை போனில் ஒரு படம் எடுத்து, பையில் இருந்த பழைய துண்டை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள்.