அல் ஐன் பேரீச்சந்தோப்பில் பலரும் செய்யும் தவறுகள்

துபாயிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். அல் ஐன் நகரத்தின் நடுவிலேயே 1,47,000-க்கும் மேற்பட்ட பேரீச்ச மரங்கள் நிற்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. இலவசம் என்பதாலோ என்னவோ, ஊரிலிருந்து வந்த உறவினர்களை அழைத்துப் போகும் நம் ஆட்கள் பலர் இதைப் பார்க் என்று நினைத்து, வாசலில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு அரை மணியில் திரும்பிவிடுகிறார்கள்.

பார்க் இல்லை, விளைகிற தோப்பு. பாதையின் இருபுறமும் மதில்; அதற்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு துண்டு நிலமும் ஒருவருடைய சொத்து. கதவு திறந்திருக்கிறது என்று உள்ளே போவதும், கைக்கு எட்டுகிற குலையில் இரண்டைப் பறிப்பதும் ஊரில் அடுத்தவர் தோப்பில் தேங்காய் பறிப்பதற்குச் சமம்.

அடுத்தது, தலையை நிமிர்த்தி மரத்தை மட்டுமே பார்ப்பது. காலடியையும் பாருங்கள். ஓரமாக ஓடும் ஒடுக்கமான வாய்க்காலுக்கு ஃபலஜ் என்று பெயர். தொலைவில் கிடைக்கும் நிலத்தடி நீரைப் பூமிக்கு அடியிலேயே சுரங்கம் வெட்டி, மோட்டார் இல்லாமல் சரிவிலேயே ஓடவிட்டு ஊருக்குக் கொண்டுவரும் ஏற்பாடு. இந்த வட்டாரத்தில் சுமார் 3,000 ஆண்டுப் பழைய ஃபலஜ்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 2011-இல் அல் ஐன் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறியபோது சோலைகளோடு இவையும் சேர்ந்தே ஏறின. தண்ணீரை நேரக்கணக்கில் முறை வைத்துப் பிரித்துக்கொள்வது வழக்கம். நம் ஏரிப் பாசனத்து முறைத்தண்ணீர் தெரிந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அந்த வாய்க்காலில்தான் சிலர் சிப்ஸ் கவரைப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

பருவத்தில் ஏமாறுபவர்களும் உண்டு. டிசம்பரில் வெயில் இதமாக இருக்கும், ஆனால் மரத்தில் பழம் இருக்காது. பழம் கனிவது ஜூன் முதல். அப்போது வெயில் 45 டிகிரியைத் தொடும், காலையிலேயே போய்விட வேண்டும்.

என்னைக் கேட்டால், பழத்தைவிடப் பார்க்க வேண்டியது பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும் வேலை. பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மகரந்தம் சேர்க்கக் காற்றை நம்பினால் காய்ப்பு குறைவு. ஆகவே ஆண் பாளையிலிருந்து சில பூச்சரங்களை எடுத்துக்கொண்டு ஆள் பெண் மரத்தில் ஏறுகிறார். நம் பனையேறிகள் காலில் தளைநார் மாட்டுவார்கள். இவர் இடுப்பையும் மரத்தையும் சேர்த்துக் கயிறு கட்டி, அதில் முதுகைச் சாய்த்துக்கொள்கிறார். இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கிறது. விரிந்த பெண் பாளைக்குள் அந்தச் சரங்களைச் செருகி, ஓலைக் கிழிசலால் ஒரு கட்டு. மரத்துக்கு மரம் இதேதான். படம் எடுப்பதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

அப்புறம், வாசல்கள் பல. உள்ளே மதில்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். காரை எந்த வாசலில் விட்டீர்கள் என்று போனில் குறித்துக்கொள்ளாமல் நுழையாதீர்கள்.